பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தைச் சரிசெய்த ஊர்: டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து நம்பிக்கையாக மாறியது எப்படி?

2025 அக்டோபரில் பத்தே நாள் இடைவெளியில் நாட்டை உலுக்கிய இரண்டு பஸ் விபத்துகள் பலருக்கும் நினைவிருக்கும். 14ஆம் தேதி ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே ஒரு தனியார் ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்தது. 24ஆம் தேதி ஆந்திராவின் கர்னூல் அருகே இன்னொன்று. இரண்டிலும் பலர் வெளியே வர முடியாமல் உயிரிழந்தனர்.

அதன் பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். வெளியே பளபளக்கும் பெயின்ட், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர், உள்ளே ஏ.சி., திரைச்சீலை எல்லாம் இருக்கிறது. சரி, அந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா இல்லையா என்பதைப் பயணி எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியாவில் பஸ் ஓட ஆரம்பித்த காலத்திலேயே இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் ஒருவர் உண்டு. அப்போது இன்றைக்கு இருப்பது போல எஃப்.சி. கிடையாது, பாடி கட்டுவதற்கு விதிமுறை கிடையாது. ஆனாலும் மதுரையில் அவர் ஓட்டிய பஸ்ஸை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவருடைய கதையையும், அவர் பெயர் ஒரு பிராண்டாக மாறிய விதத்தையும் இங்கே பார்க்கலாம்.

யார் இந்த சுந்தரம் அய்யங்கார்?

1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிப் பக்கம் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நம்பி கோயில் இருக்கும் ஊர். தமிழ்நாட்டு வழக்கப்படி அவரது முதல் எழுத்து ஊரைக் குறிக்கிறது. ஆக, இன்று நாடு முழுக்கத் தெரிந்த டி.வி.எஸ். என்ற பெயரில் உள்ள அந்த 'டி', ஒரு சின்ன கிராமத்தின் பெயர்.

படித்து முடித்ததும் தந்தையின் விருப்பப்படி சட்டத் துறைக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு வங்கி வேலை. அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஆசைப்படும் மூன்று வேலைகளும் அவருக்குக் கிடைத்தன. மூன்றையும் விட்டுவிட்டார்.

1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912இல் மதுரையில் அவரது பஸ் சர்வீஸ் ஓட ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 35. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மோட்டார் வண்டித் தொழிலில் இறங்குவது அன்றைக்குச் சாதாரண முடிவு இல்லை. பஸ் என்றால் என்னவென்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத காலம் அது.

1912இல் பஸ் என்றால் எப்படி இருக்கும்?

இன்றைய பஸ்ஸை மனதில் வைத்துப் பார்த்தால் புரியாது. எஞ்சினும் சேஸிஸும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதன் மேல் உள்ளூர் ஆசாரிகள் மரத்தில் பாடி கட்டுவார்கள். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர்பெறும். மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ரோடும் அப்படித்தான். தார் ரோடு அபூர்வம். பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். அதே ரோட்டில் இரும்புப் பட்டை அடித்த மாட்டு வண்டிச் சக்கரங்கள் பள்ளம் பறித்துக்கொண்டே போகும்.

இந்த நிலையில் ஒரு பஸ் கிளம்பியது என்றால், அது எப்போது போய்ச் சேரும், சேருமா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. கிராமத்து ஆளுக்கு மாட்டு வண்டி மெதுவாகப் போனாலும் நம்பகமானது. ரயில் தூரத்தில் இருந்தாலும் டைம் டேபிள் உள்ளது. பஸ் இந்த இரண்டோடும் போட்டி போட வேண்டும் என்றால், வேகம் மட்டும் போதாது. சொன்ன நேரத்துக்கு வர வேண்டும்.

சுந்தரம் அய்யங்கார் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

படிக்கத் தெரியாத ஊரில் மூன்று எழுத்து எப்படி வேலை செய்தது?

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேருக்கு சுமார் 6 பேர். அப்படியென்றால் பஸ்ஸில் கம்பெனி பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினாலும், ஏறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

பிறகு எப்படி அடையாளம் தெரியும்? வண்டியின் நிறம், உருவம், ஹாரன் சத்தம், டிரைவர் முகம், வரும் நேரம். இவைதான் அன்றைய பிராண்டு. இன்று விளம்பரத் துறையில் பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்வதை, அன்று பஸ் முதலாளிகள் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள்.

இவற்றில் நிறத்தையும் உருவத்தையும் யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். அதே பச்சையை இன்னொருவரும் அடிக்கலாம். காப்பி அடிக்க முடியாத ஒன்று நேரம். தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வண்டி வந்து நிற்க வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் ஒரு பட்டறை வேண்டும், உதிரி பாகம் வேண்டும், மெக்கானிக் வேண்டும், மாற்று வண்டி வேண்டும்.

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சாக இருக்கலாம். ஆனால் ஒரு கம்பெனியைப் பற்றி ஊர் இப்படி ஒரு பேச்சை மூன்று தலைமுறையாக வைத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

லாட ஆணிக்கும் டைம் டேபிளுக்கும் என்ன சம்பந்தம்?

அன்றைக்கு பஸ்ஸின் முதல் எதிரி எஞ்சின் கோளாறு இல்லை. பஞ்சர்.

வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் குளம்பில் லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க லாடம் தேயும், ஆணி கழன்று ரோட்டில் விழும். தினமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் போகும் ரோட்டில் இந்த ஆணிகள் சிதறிக் கிடக்கும். பஸ் டயர் ஏறினால் அவ்வளவுதான். நடுவழியில் நின்று, பயணிகளை இறக்கி, டியூபை எடுத்து ஒட்டி, கைப் பம்பில் காற்றடித்து மறுபடி கிளம்ப ஒரு மணி நேரம் போய்விடும்.

இதற்கு டி.வி.எஸ். செய்ததாகச் சொல்லப்படும் ஒரு ஏற்பாடு இன்றும் தொழில் வட்டாரத்தில் பேசப்படுகிறது. பஸ் போகும் ரோட்டில் காந்தம் பொருத்திய ஒரு வண்டியை முன்கூட்டியே அனுப்பி, கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க வைத்தார்கள் என்பதுதான் அது.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரோடு அரசாங்கத்தினுடையது. ஆணி மாட்டு வண்டிக்காரருடையது. இரண்டுமே பஸ் கம்பெனியின் பொறுப்பு இல்லை. பஞ்சர் ஆனால் பயணியிடம் நம்ம தப்பு இல்லை என்று சொல்லிவிடலாம். பயணிக்கு அது யார் தப்பு என்பது முக்கியமில்லை, போய்ச் சேருவதுதான் முக்கியம் என்று புரிந்த ஒருவரால்தான் ரோட்டில் கிடக்கும் ஆணியையும் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள முடியும்.

டயர் விஷயத்தில் அவர் இதோடு நிற்கவில்லை. தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் ரீட்ரேடிங் தொழிற்சாலையும் தொடங்கினார். டயரின் உள் கட்டமைப்பு நன்றாக இருந்து, மேல் ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேல் பகுதியைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் பட்டையைப் போட்டு, அச்சில் வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டயர் மறுபடி பல ஆயிரம் மைல் ஓடும். டயர் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் இது பெரிய மிச்சம். அதைவிட முக்கியம், வழுக்கையான டயரோடு வண்டியை ரோட்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது.

அப்போது சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?

இந்தியாவுக்கென முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. சுந்தரம் அய்யங்காரின் பஸ் ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து. வண்டியைப் பதிவு செய்வது, டிரைவருக்கு லைசென்ஸ் போன்ற அடிப்படை விஷயங்களைத்தான் அது பேசியது. விவரங்களை மாகாண அரசுகளிடம் விட்டுவிட்டது.

1920களில் நிலைமை மாறியது. பஸ் தொழிலில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரே ஒரு வண்டியை வாங்கி ரோட்டில் இறக்கியவர்கள் ஏராளம். ஒரே ரூட்டில் நான்கு பேர் போட்டி. யார் முந்தி ஆளை ஏற்றுவது என்பதில் ரேஸ். கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வண்டியைப் பழுது பார்க்கவே காசு இருக்காது. பிரேக் பிடிக்காத வண்டி, விளக்கு எரியாத வண்டி எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும்.

இன்னொரு பக்கம், பஸ்ஸால் தங்கள் வருமானம் போகிறது என்று ரயில்வே கவலைப்பட்டது. ரோடு, ரயில் போட்டியை ஆராய 1932இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளிடம் பொறுப்பு தரப்பட்டது. அடுத்த ஆண்டு சிம்லாவில் மாநாடு நடந்தது. இந்த விவாதங்களின் முடிவில் வந்ததுதான் 1939 மோட்டார் வாகனச் சட்டம்.

இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் பெர்மிட், எஃப்.சி. இரண்டும் நாடு முழுவதற்குமான ஒரே முறையாக இந்தச் சட்டத்தில்தான் உருவாயின. எந்த ரூட்டில் யார் ஓட்டலாம் என்பதைப் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்யும். தகுதிச் சான்று இல்லாத பஸ்ஸோ லாரியோ முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது. வேறு மாதிரி சொன்னால், நல்ல முதலாளி தானாகச் செய்துவந்ததை, எல்லா முதலாளியும் செய்தே ஆக வேண்டும் என்று அரசு சொன்னது.

ஏன் சட்டம் தேவைப்பட்டது? ஒரு சுந்தரம் அய்யங்கார் இருந்தால் போதாதா? போதாது. பக்கத்து ரூட்டில் ஓடும் வண்டிக்கு அவர் பொறுப்பில்லை. பயணிக்கு எப்போதும் நல்ல கம்பெனியின் பஸ்ஸே கிடைக்கும் என்பதும் இல்லை. பெயர் ஒரு கம்பெனியின் வண்டிக்குத்தான் உத்தரவாதம். சட்டம் எல்லா வண்டிக்கும்.

அவர் மட்டும்தானா?

இல்லை. அதே காலத்தில் கோவைப் பக்கம் ஜி.டி.நாயுடு இருந்தார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி, பழனி இடையே ஓட்ட ஆரம்பித்தவர். அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். பிற்காலத்தில் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. அவரும் மூன்று எழுத்துதான். அவரும் பட்டறையிலிருந்து தொழிலைப் பார்த்தவர்தான்.

நாட்டின் மற்ற இடங்களில் வேறு மாதிரி நடந்தது. பம்பாயில் டிராம் ஓட்டிய பெஸ்ட் நிறுவனம் 1926 ஜூலை 15 அன்று பஸ் சர்வீஸைத் தொடங்கியது. அதன் சிவப்பு பஸ் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆனது. ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் ரயில்வேயே 1932இல் 27 பஸ்களோடு சாலைப் போக்குவரத்தில் இறங்கியது. பம்பாயில் டிராம் கம்பெனி, ஹைதராபாத்தில் அரசு ரயில்வே. மதுரையில் மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தனிமனிதர்.

போர் வந்ததும் என்ன ஆனது?

இரண்டாம் உலகப் போர் பஸ் தொழிலுக்கு விழுந்த பெரிய அடி. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயா போனதும் ரப்பர் போனது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கு. பஸ்களுக்கு ரேஷன்.

வண்டியை ஷெட்டில் நிறுத்திவிடுவதுதான் சுலபமான வழி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியை உருவாக்கியது. பஸ்ஸோடு ஒரு உயரமான அடுப்பு போன்ற கலன் இருக்கும். அதில் அடுப்புக் கரியைப் போட்டு, குறைந்த காற்றில் எரிய விட்டால் எரியக்கூடிய வாயு வெளிவரும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதில் எஞ்சினுக்கு அனுப்புவார்கள்.

பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது. மேட்டில் முக்கும். காலையில் கிளம்பும் முன் அடுப்பைப் பற்ற வைத்து ஊதிக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் சட்டை கரியாகும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் 'கரி பஸ்' என்று சொல்வது இதைத்தான். ஆனால் பஸ் ஓடியது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியவர்கள் போனார்கள். டைம் டேபிள் என்பது பெட்ரோல் இருக்கும்போது மட்டும் காப்பாற்றும் வாக்கு இல்லை என்பதை அந்தக் கரி அடுப்பு காட்டியது.

வீட்டில் வந்த சோதனை

தொழிலில் உறுதியாக இருந்த மனிதருக்கு வீட்டில் ஒரு பெரிய துக்கம் நேர்ந்தது. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே திருமணம் நடந்தது. மருத்துவரான கணவர் பிளேக் நோயில் இறந்துபோனார். இளம் விதவையை மூலையில் உட்கார வைக்கும் சமூகம் அது. பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. மேலே படிக்க வைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936இல் சௌந்தரம் டாக்டரானார்.

ஆனால் மறுமணம் என்று வந்தபோது, அதுவும் சாதி மாறி, குடும்பம் தயங்கியது. காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார் சௌந்தரம். தந்தைக்கு உடன்பாடில்லை. காந்தி இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் சொன்னார். ஓராண்டு கழித்தும் மனம் மாறாததால் 1940இல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் திருமணம் நடந்தது. இந்தத் தம்பதிதான் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். சௌந்தரம் பின்னாளில் மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார்.

விதவை மகளைப் படிக்க வைக்கத் துணிந்தவர், அவளது மறுமணத்தில் தயங்கினார். சுந்தரம் அய்யங்கார் தன் காலத்தை மீறியவர், அதே நேரம் அந்தக் காலத்தின் மனிதரும்தான்.

பஸ்ஸிலிருந்து எங்கெல்லாம் போனது அந்தப் பெயர்?

பஸ்ஸை ஒழுங்காக ஓட்ட உதிரி பாகம் வேண்டும். அதையே மற்றவர்களுக்கும் விற்றால்? மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வந்தது. வண்டியே விற்றால்? சுந்தரம் மோட்டார்ஸ் வந்தது, ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் பெரிய விநியோகஸ்தரானது. பஸ்ஸும் லாரியும் சதர்ன் ரோட்வேஸ் பெயரில் ஓடின. லாரி, பஸ் வாங்க நினைப்பவர்களுக்குக் கடன் வேண்டும். அவரது மகன் டி.எஸ்.சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார்.

ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா என மகன்கள் தொழிலில் தோள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28 அன்று, கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78.

அவர் இறந்த பிறகு வந்த நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்தது. பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்தது. சுந்தரம் கிளேட்டன் கனரக வண்டிகளுக்கான ஏர் பிரேக் செய்தது. லூகாஸ் டி.வி.எஸ். மின்சாதனங்கள் செய்தது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போல்ட், நட்டு செய்தது. ஒரு பஸ் நடுவழியில் நிற்க என்னென்ன காரணம் உண்டோ, ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி! தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் சுந்தரம் கிளேட்டன் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

பஸ் போனது, பெயர் நின்றது எப்படி?

சுதந்திரத்துக்குப் பிறகு நாடு வேறு திசையில் யோசித்தது. 1950இல் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம் வந்தது. லாபம் வரும் ரூட்டில் மட்டும் பஸ் ஓடினால், மலையோரத்துக் கிராமத்துக்கு யார் பஸ் விடுவது என்ற கேள்வி நியாயமானது. எவ்வளவு நல்ல முதலாளியாக இருந்தாலும் நஷ்டத்தில் ஒரு ரூட்டை எத்தனை நாள் ஓட்ட முடியும்? மாநிலங்கள் ஒவ்வொன்றாக பஸ்ஸை அரசுடைமை ஆக்கின.

தமிழ்நாட்டில் அது 1970களின் தொடக்கத்தில் பெரிய அளவில் நடந்தது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் அரசு வசமாயின. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன். தனி மனிதர்களின் இனிஷியல் இருந்த இடத்தில் பழைய அரச வம்சங்களின் பெயர். அதுவும் பிராண்டிங்தான்.

பின்னர் கழகங்கள் பெருகப் பெருக, தலைவர்கள் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது. 1997இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி தென் மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதும் பெயர் வெறும் பெயர் இல்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை.

டி.வி.எஸ். என்ற பெயருக்கு என்ன ஆனது? பஸ் போய்விட்டது. பெயர் போகவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தபோது, அந்த மூன்று எழுத்து என்னவென்று தென் மாவட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாத்தா ஏறிய பஸ்ஸின் பெயரை பேரன் ஓட்டும் வண்டியில் பார்த்தான்.

இன்று பெயின்ட் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது?

பஸ்ஸின் நிறம் வெறும் அழகு சமாச்சாரம் இல்லை என்பதை அரசுகளும் ஒப்புக்கொள்கின்றன. பள்ளி பஸ் மஞ்சள் நிறத்தில் இருப்பது தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. கேரளாவில் 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலா பஸ் ஒன்று அரசு பஸ் மீது மோதி மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தனர். அதன் பிறகு அந்த மாநிலத்தில் சுற்றுலா பஸ்களின் கண்ணைப் பறிக்கும் படங்கள், கலர் விளக்குகள் மீது கெடுபிடி அதிகமானது. எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வெள்ளை நிறம் என்ற விதி கண்டிப்போடு அமல்படுத்தப்பட்டது.

ஆனால் வெள்ளை அடித்தாலும் பிரேக் தானாகப் பிடிக்காது. அதற்குத்தான் எஃப்.சி. இப்போதைய மத்திய விதிகளின்படி புது பஸ்ஸுக்கு முதல் 2 ஆண்டுகள் தகுதி உண்டு. வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு மேல் ஆண்டுதோறும். பாடி கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 052 என்ற விதித் தொகுப்பு இருக்கிறது. ஸ்லீப்பர் பஸ்ஸுக்குத் தனியாக ஏ.ஐ.எஸ். 119. அவசர வழி, நடைபாதை அகலம், தீப்பிடிக்காத பொருட்கள் என எல்லாம் அதில் உண்டு.

பிரச்சினை விதியில் இல்லை. எஃப்.சி. என்பது ஆண்டில் அதிகபட்சம் ஒரு நாள் நடக்கும் சோதனை. மீதி 364 நாளும் வண்டியைப் பார்ப்பது கம்பெனிதான். சோதனைக்குக் கொண்டுபோகும்போது இருக்கும் தீயணைப்பான் மறுநாள் இருக்கிறதா, அவசர வழியை மறைத்து ஒரு சீட் கூடுதலாகப் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த 364 நாளில்தான் தெரியும். சட்டம் இல்லாத காலத்தில் ஒருவர் தானாகச் செய்தார். இன்று சட்டம் இருக்கிறது, தானாகச் செய்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

பயணி என்ன செய்யலாம்?

டிக்கெட் எடுக்கும்போது பஸ்ஸின் பதிவு எண் கிடைத்தால், அரசின் எம்பரிவாஹன் செயலியில் அதைப் போட்டு எஃப்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்கலாம். ஏறியதும் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா, தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் கண்ணை ஓட்டலாம். டயர் வழுக்கையாக இருந்தால் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது ரோட்டில் லாட ஆணி கிடையாது. மாடும் இல்லை, வண்டியும் குறைவு. ஆனால் ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கென்று ஒரு ஆணி ரோட்டில் கிடக்கத்தான் செய்கிறது. பஸ் கிளம்புவதற்கு முன்னால் யாராவது ஒருவர் போய் அதைப் பொறுக்கினாரா என்பதுதான் பயணி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பக்கவாட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.